நினைவஞ்சலிக்கு நாலு வரி

1. ஆல்பம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல் ரோட்டில் இருக்கும் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜூலை மாதம், திங்கட்கிழமை. மழை. கரண்ட் இல்லை. முதலாளி என் கையில் ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார். அட்டையைப் பார்த்துக் கல்யாண ஆல்பம் என்று நினைத்தேன். உள்ளே கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் மாதிரிகள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நம்பர்.

"துக்கத்துல வர்றவங்ககிட்ட என்ன கவிதை போடறதுங்கன்னு கேட்டுட்டு நிக்காதே தம்பி. ஆல்பத்தை நீட்டு. நம்பர் அவங்களே சொல்லுவாங்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. "பதினேழைப் போடுங்க" என்பார்கள். நான் பதினேழுக்கு அச்செழுத்துக் கோத்துக் கொடுப்பேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஃப்ளெக்ஸ் வந்தது, முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். ஆல்பம் மட்டும் அப்படியே இருந்தது. இன்று கடையில் நான்தான் மூத்தவன்.

சேர்ந்த புதிதில் வேலை இல்லாத நேரங்களில் அந்த ஆல்பம் முழுவதையும் படித்துவிட்டேன். எழுதியவர்கள் பலபேர். ஆனால் சாவு வந்த விதம் நாலுதான். விளக்கு அணைந்தது, பூ உதிர்ந்தது, பறவை பறந்தது, சூரியன் மறைந்தது. எனக்குப் பழைய பாட்டுகளைப் படிக்கிற பழக்கம் உண்டு. அங்கேயும் இவைதான் திரும்பத் திரும்ப வரும். உயிர் உடம்பை விட்டுப் போவதை வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்வதும் உண்டு. அதை எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருந்துகொண்டு, ரிட்டயர் ஆனால் எங்கே போவது என்று யோசிப்பவர்களிடம் அந்த உவமையை நீட்ட முடியாது. சூரியனுக்கும் இங்கே கொஞ்சம் சிரமம்தான். மழைக்காலத்தில் 'சூரியன் மறைந்தது' என்று போட்டால், அது எப்போது வந்தது என்று கேட்க ஆள் இருக்கும்.

தேதி விஷயத்தில் நான் கறார். தோற்றம், மறைவு இரண்டுக்கும் காகிதத்தைப் பார்க்காமல் அச்சுக்கு விடமாட்டேன். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு மறைவு மட்டும் போடுவோம். சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் தோற்றம் என்பதை மலர்வு என்றும் மறைவை உதிர்வு என்றும் போடச் சொல்வார்கள். போட்டுக்கொடுப்போம்.

2. விளக்கு

ராசம்மா கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவருடைய இளைய மகன் பிரபு டீ ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். போன வருடம் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ராசம்மா தனியாக வந்திருந்தார். ஆல்பத்தைத் தள்ளி வைத்தார்.

"நம்பரெல்லாம் வேண்டாமுங்க. நீங்களே எழுதிக் குடுங்க. எம்மருமக அவனையேதான் நெனச்சுட்டு இருக்கறா. அது அதுல வரோணும்."

எழுதிக் கொடுத்தேன்.

நீ போன பாதையில்
நெய் ஊற்றி வைத்த விளக்கு
நாள்தோறும் எரிகிறது.
நீ வரும்வரை அணையாது.

இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு, தாய் ராசம்மா, அண்ணன் முருகேசன், மனைவி சுகந்தி என்று மூன்று பெயர். அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மண்சுவரை ஒட்டி, கம்பு நட்டுக் கட்டினார்கள். ஃப்ளெக்ஸ் என்பதால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி நின்றது.

3. காத்திருப்பவள்

இந்த வருடம் மூவரும் சேர்ந்து வந்தார்கள். ராசம்மா, மூத்த மகன் முருகேசன், மருமகள் சுகந்தி. சுகந்தியை எனக்கு ஏற்கனவே தெரியும். பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் வர்க்கி எடை போட்டுக் கொடுப்பவர். மூன்று குடைகளிலிருந்தும் தண்ணீர் சொட்ட, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

விஷயத்தை ராசம்மாதான் சொன்னார். குன்னூர்ப் பக்கமிருந்து சுகந்திக்கு ஒரு வரன் வந்திருந்தது. லேத் பட்டறையில் வேலை, மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். வரனைத் தேடிப் பிடித்ததே ராசம்மாதானாம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே அந்த ஃப்ளெக்ஸ். நின்று முழுதாகப் படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து டீ குடித்து, சுகந்தியிடம் நன்றாகத்தான் பேசினாராம். கிளம்பும்போது ராசம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது:

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா காத்துட்டு இருக்கறான்னு ரோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களே. காத்துட்டு இருக்கறவளை நான் எப்படிங்க கூட்டிட்டுப் போறது?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடி பெரியவர்களோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர்கள் வரும் வாரமும் பிரபுவின் மூன்றாம் ஆண்டு திதி வரும் வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

"அந்த வெளக்கை எடுத்துப்போடுங்க" என்றார் ராசம்மா.

முருகேசன் எளிய வழி ஒன்று சொன்னார். இந்த வருடம் ஃப்ளெக்ஸே வேண்டாம், பழையதைக் கழற்றிவிட்டு வீட்டில் படையல் போட்டால் போதும். சுகந்தி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வேணுமுங்க மாமா. எனக்குக் கல்யாணம்னு சொல்லி அவருக்குப் போடாம விட்டா எனக்குச் சோறு எறங்காதுங்க."

ஆல்பத்தை எடுத்து வைத்தேன். வேறு வழி தெரியவில்லை. பூவைக் காட்டினேன்.

"பூ உதுந்துடுச்சுன்னா இவ என்னங்க? காம்பா?" என்றார் ராசம்மா.

பறவையைக் காட்டினேன். அப்படியானால் மிச்சமிருப்பது வெறுங்கூடுதானே என்று அதையும் ஒதுக்கினார். சூரியனுக்கு முருகேசனே பதில் சொன்னார்.

"அப்ப நாங்கல்லாம் இருட்டுலயா உக்காந்திருக்கறோம்? கரண்ட் பில்லு ஒழுங்காத்தானுங்க கட்டறோம்."

சுகந்தி சிரித்துவிட்டார். ராசம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தானும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆல்பத்தின் உவமைகள் எல்லாமே போனவரைப் பற்றியவை. அவர் பூ, அவர் பறவை, அவர் சூரியன். இருப்பவர்களுக்கு அதில் மிஞ்சுவது இருட்டும் காம்பும் கூடும்தான். காரியம் முடிகிறவரைக்கும் அது பொருந்தும். அதற்கு மேலும் ஒருவர் அந்த வரியைத் தினமும் தாண்டி வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பிரபுவைப் பற்றி ஏதாவது சொல்லும்படி சுகந்தியிடம் கேட்டேன். இப்படிக் கேட்டால் பொதுவாக நல்லவர், வல்லவர் என்று ஆரம்பிப்பார்கள். சுகந்தி யோசித்துவிட்டு, பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவார்களாம். ஃபாக்டரி ஸ்டாப் முதலில் வரும். அவர் இறங்கிவிடுவார். சுகந்தி கோத்தகிரி வரை வர வேண்டும்.

"எறங்கினதும் உள்ள போயிட மாட்டாருங்க. டிபன் பாக்ஸைக் கையில வெச்சுட்டு அங்கயே நிப்பாரு. வண்டி வளைவு திரும்பற வரைக்கும்."

ராசம்மாவுக்கு இது தெரியாது போலிருக்கிறது. மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ திரும்பிப் பாப்பியா?"

"பாப்பேனுங்க அத்தை. வளைவு வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறம் தெரியாதுங்களே. சீட்டு கெடைச்சா உக்காந்துக்குவேன்."

ராசம்மா ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "இதையே எழுதிக் குடுங்க" என்றார்.

உன் நிறுத்தம் முன்னால் வந்தது.
நீ இறங்கிக்கொண்டாய்.
வளைவு வரை உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.
எங்கள் வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

முருகேசன் மட்டும் சந்தேகப்பட்டார். இதைப் படித்தால் தம்பி பஸ்ஸிலிருந்து விழுந்து செத்தான் என்று நாலுபேர் நினைப்பார்களாம்.

"நெனச்சாக்க நெனச்சுட்டுப் போகட்டும்" என்றார் ராசம்மா.

4. கீழே வரும் பெயர்கள்

வேலை அத்தோடு முடியவில்லை. கீழே பெயர் போட வேண்டும். 'மனைவி சுகந்தி' என்று போட்டால் மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள், போடாவிட்டால் ஊரில் கேட்பார்கள் என்றார் முருகேசன். நியாயமான கவலை. 'குடும்பத்தினர்' என்று பொதுவாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அதற்கு அவர் உடனே தலையாட்டி மறுத்தார். அவர் மறுத்ததன் காரணம் எனக்குத் தெரியும். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில்தான் அப்படிப் போடுவார்கள். ஊருக்கும் அது தெரியும்.

டைப் அடிக்கும் பெண் கீபோர்டில் கை வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி குனிந்து குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மொறை எதுக்குங்க?" என்றார் ராசம்மா. "பேரு மட்டும் போடுங்க. ராசம்மா, முருகேசன், சுகந்தி. யாரு யாருன்னு அவனுக்குத் தெரியுமுங்க."

அப்படியே போட்டோம். தேதியை நான் சான்றிதழோடு ஒருமுறை ஒப்பிட்டேன். மறுநாள் முருகேசன் வந்து ஃப்ளெக்ஸை வாங்கிப் போனார்.

பிறகு நடந்ததைப் பேக்கரியில் வர்க்கி வாங்கப் போனபோது சுகந்தியே சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா இந்தத் தடவையும் இறங்கியதும் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று படித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, அதில் எழுதியிருந்த ஸ்டாப் எது என்று மட்டும் கேட்டாராம். தை மாதத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவர்கள் திரும்பும்போது ராசம்மாவும் கூடவே பஸ்ஸில் வந்து ஃபாக்டரி ஸ்டாப்பைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து, வண்டி வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாராம்.

ஆல்பம் இப்போதும் கடையில் இருக்கிறது. நம்பர் சொல்பவர்களுக்கு நம்பரைப் போட்டுக் கொடுக்கிறோம். எழுதித் தரச் சொல்பவர்களிடம் மட்டும் நான் போனவரைப் பற்றி முதலில் விசாரிப்பதில்லை. கீழே யார் யார் பெயர் வரும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் என்ன வயது, என்ன வேலை, எந்த வழியாகப் போய்வருகிறார்கள் என்பதும் தெரிந்த பிறகுதான் மேலே முதல் வரியை எழுதுகிறேன்.