கரும்பலகைக்குக் கீழே நின்றவள்

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மாரியாயி பால் வெட்டத் தொடங்கிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. 1927-இல் கணக்கு எழுத இராமலிங்கம் என்றொரு புதுக் கிராணி வந்தான். ரப்பர் மரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராத ஆள். வந்த வாரமே பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில் கரும்பலகை மாட்டி, யார் எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார்கள் என்று தினமும் எழுதினான். எடையில் கடைசியாக வந்தவர் மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில், எல்லோர் பேரையும் கூப்பிட்டு முடியும்வரை பலகைக்குக் கீழே நிற்க வேண்டும்.

"அப்பத்தான் பொறுப்பு வரும்" என்றான்.

மாரியாயிக்கு வாய்த்தது தோட்டத்திலேயே கிழட்டு மரங்கள் நின்ற நிரை. நாலு மாதத்தில் பதினோரு தடவை நின்றாள். முதல் தடவை உடம்பெல்லாம் கூசியது. பிறகு நின்றபடியே கிராணியின் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாளும் அதில் சேறு ஒட்டியதில்லை. இந்த மூஞ்சியா நமக்குப் பொறுப்பு சொல்லிக்கொடுப்பது என்று தோன்றியதும் கூச்சம் விட்டுப்போனது.

முதலிடம் எப்போதும் பக்கத்து நிரைச் சின்னையாவுக்குத்தான். அவன் கத்தியைப் பட்டையோடு நிறுத்தாமல் கட்டைவரை இறக்குவான். பால் கொட்டும்.

"மரம் செத்துடும்டா" என்றாள் மாரியாயி.

"பலகையில மரத்தோட பேரா இருக்கு, அக்கா?"

அவன் சொன்னதும் நிஜம்தானே.

ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சின்னையாவின் நிரைக்குள் நடந்தார். மரத்துக்கு மரம் காயம் கறுத்து அழுகியிருந்தது.

"நீ இந்தப் பக்கம் வந்ததே இல்லையா?" என்று கிராணியை வரவழைத்துக் கேட்டார்.

"நம்பர் நல்லா இருந்துச்சு, துரை."

அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த மாரியாயிக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. வெற்றிலை எச்சிலை மட்டும் துப்பினாள்.

சின்னையாவைப் புல்வெட்டுக்குத் தள்ளினார்கள். கிராணிக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. இனி மரத்துக் காயத்தையும் எண்ணிப் பலகையில் எழுது என்றார் துரை, அவ்வளவுதான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காடெல்லாம் சுற்றி எண்ணி வந்து சொல்ல, இவன் நிழலில் உட்கார்ந்து எழுதினான்.

மரத்தில் காயமே இல்லாததால் அந்த மாதக் கணக்கில் மாரியாயி முதலாவதாக வந்தாள்.

"எல்லாரும் இந்தம்மாவைப் பாருங்க" என்று கிராணி பெரட்டில் பல்லிளித்தான். "முன்னால வந்து நில்லு, மாரியாயி."

"எதுக்குய்யா? அதே மரம், அதே கத்தி. நீங்க எழுதுறதுதான் மாறியிருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வெயில் ஏறினா பால் நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.