ஏழாவது படியில் நின்ற கால்

ஹாலிஎல ஸ்டேஷனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு ஏறும் மண்பாதையில் சிமெண்டுப் படி கட்டிய மேற்பார்வையாளன் நான்தான். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், சரிவுக்கு ஏற்றபடி ஒரு படியை உயரமாகவும் அடுத்ததைத் தாழ்வாகவும் விட்டுவிட்டேன். வெறுங்கையோடு ஏறி இறங்கிப் பார்த்தேன். குறையொன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை, பதுளைச் சந்தைக்குப் போக எங்கள் லயத்து ராசம்மாக்கா தலையில் மரக்கறி மூட்டையோடு இறங்கினார். ரயில் ஊதிவிட்டது. ஏழாவது படியில் அவர் நின்றுவிட்டார். ஒரு கால் மட்டும் அடுத்த படியைத் தேடிக் காற்றில் துழாவியது.

“வெரசா வாங்கக்கா, ரயில் போயிரும்!” என்று கீழிருந்து கத்தினேன்.

“தலையில சொமை இருக்கப்ப குனிஞ்சு பாக்க முடியுமா தம்பி? காலுதானே படிய கண்டுபிடிக்கணும். ஒன்னொன்னும் ஒவ்வொரு ஒசரமால்ல இருக்கு!”

ரயில் போய்விட்டது. அன்றிலிருந்து பெண்கள் என் படிகளை விட்டு, பக்கத்துப் புல் சரிவில்தான் இறங்கினார்கள். படிகளை உடைத்துச் சமமாகக் கட்டிக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கால் என் கண்ணுக்குள் துழாவிக்கொண்டே இருக்கிறது.

என் அம்மாவும் அதே பாதையில் விறகு சுமந்தவர்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். அளவெடுத்த அன்று என் தலையில் ஒரு தொப்பி மட்டும்தான் இருந்தது.