திங்கட்கிழமை டொமிட்டிலா

கோபெநாய் மேட்டில் டொமிட்டிலாவிடம் கிழங்கு கேட்டால் கிழங்கு கிடைக்கும். வாழைத்தார் கேட்டால் தாரும் கிடைக்கும், அதைத் தூக்கிவர ஓர் ஆளும் கிடைப்பான். காகிதம் மட்டும் கிடைக்காது.

சண்டைக் காலத்தில், ராணுவம் கடலை மறித்து முற்றுகை போட்டிருந்த அந்த வருஷங்களில், போகன்வில் தீவின் மலைகளில் உப்பு இல்லை, சோப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. புகையிலை மட்டும் வீட்டுக்கு வீடு தளதளவென்று வளர்ந்தது. அதைச் சுருட்டத்தான் தாள் இல்லை. பழைய செய்தித்தாள் முதலில் தீர்ந்தது. பிறகு கணக்குப் புத்தகம் புகையானது, பிறகு பூகோளம். ஒரு புண்ணியவான் ஜெபப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் புகைத்துவிட்டு, "ஜெபத்தைத் தொடல, பக்க நம்பரைத்தான் குடிச்சேன்" என்று நியாயம் பேசினான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் ஆறு நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தினமும் ஒரு பக்கம் எழுதினால் ஆண்களுக்கு எப்படி இருக்கும்? பசியோடிருப்பவன் கண்ணெதிரே கோழிக்குத் தீனி போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

டொமிட்டிலா கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "முப்பது பிள்ளைகளை ஒரே நாளில் பெற்றவளுக்குப் புருஷன் எதற்கு?" என்பாள். வீடுகள் எரிந்த அன்று மற்றவர்கள் பானையையும் பன்றிக்குட்டியையும் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். அவள் பள்ளி அலமாரியிலிருந்த ஆறு புது நோட்டுகளையும் ஒரு பெட்டிப் பேனாவையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். தம்பி கமிலஸ் வழியெல்லாம் தலையிலடித்துக்கொண்டான்.

"அக்கா, அதை வேகவச்சாத் திங்க முடியுமா?"

"உன் மண்டையையும்தான் திங்க முடியாது. அதையும் சுமந்துகிட்டுத்தானே வர்றே?"

மலைக்குப் போனபின்தான் அந்த நோட்டுகளின் அருமை தெரிந்தது. மேட்டில் நாட்காட்டி கிடையாது. ரேடியோவுக்கு பாட்டரி கிடையாது. காலையில் ஒவ்வொருவராக வந்து, "டீச்சர், இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் ஞாயிறு என்றால் ஞாயிறு. அன்று தோட்ட வேலை நிற்கும், எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். நாற்பத்துமூன்று பேருடைய கிழமைகள் அவள் கையில் இருந்தன. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு மலேரியா வந்தது. கமிலஸின் மனைவி இமெல்டா ஏதோ பட்டையை அவித்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ரெண்டு ராத்திரி, அண்ணி."

"ஒண்ணுதான்."

"ரெண்டு. நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்?"

"உக்காந்திருந்தவளுக்கு எல்லா ராத்திரியும் நீளமாத்தான் இருக்கும்."

ஒன்று என்றே எழுதினாள். நோட்டில் ஏறியபின் அது ஒன்றுதான்.

நாலு வருஷம் கழித்துச் சண்டை ஓய்ந்தது. கோபெநாய் மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, பாட்டுப் பாடியபடி கடற்கரைக் கோவிலுக்கு இறங்கினார்கள். கோவில் பூட்டியிருந்தது. படியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "பூசை நேத்தே முடிஞ்சுதே. இன்னிக்குத் திங்கக்கிழமை!" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் திங்கட்கிழமைக் கிறிஸ்தவர்கள். அவள் திங்கட்கிழமை டொமிட்டிலா.

இமெல்டா இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

டொமிட்டிலா மசியவில்லை. "நான் ஒரு நாளும் விடல. கீழதான் ஒரு நாள் கூடிப்போச்சு. ராணுவக்காரன் வந்து என்னத்தையெல்லாம் மாத்தினான்! கிழமையை மட்டும் விட்டு வச்சிருப்பானா?" என்றாள். நாலு வருஷம் இதையே சொன்னாள். ஊரும் சலிக்காமல் சிரித்தது.

அதன்பிறகு சமாதானக் கூட்டங்கள் தொடங்கின. இரண்டாயிரத்து ஒன்றில் கோபெநாய் மேட்டுக்கும் கீழே சதுப்புக் கரை ஊருக்கும் முறை வந்தது. கோவிலுக்குப் பக்கத்து மாமரத்தடியில் இரண்டு ஊரும் எதிரெதிரே உட்கார்ந்தன. நடுவில் உபதேசியார் செவெரின். நெஞ்சு நிமிர்ந்த மனிதர், அவர் இருமினால்கூடப் பிரசங்கம் போலிருக்கும்.

சதுப்புக் கரையின் லுடோவிக் எழுந்தான். முற்றுகையைத் தாண்டி சாலமன் தீவுகளுக்குப் படகு ஓட்டி மருந்து கொண்டுவந்தவன். ஒரு கால் சற்று இழுக்கும். மூன்று மாதம் ராணுவம் பிடித்து வைத்திருந்ததில் வந்தது அது.

"செப்டம்பர் பத்தொன்பது, ஞாயித்துக்கிழமை. எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அக்கரையில மருந்து குடுத்த நர்ஸ், 'நாளைக்கு ஞாயிறு, பூசை பாத்துட்டுப் போ'ன்னுச்சு. நான் கேக்கல. மறுநாள் பகல் முழுக்கக் கடல்ல வந்தேன். சாயங்காலம் எந்த ஓடையில ஒதுங்குவேன்னு தெரிஞ்சு ராணுவக்காரங்க அங்கயே காத்துக்கிட்டு இருந்தாங்க. படகு எரிஞ்சுச்சு, மருந்து எரிஞ்சுச்சு. அந்த மாசம் எங்க ஊர்ல ரெண்டு பிள்ளைங்க காய்ச்சல்ல போச்சு."

லுடோவிக் மேட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு மத்தியானம் மூங்கில் குழாய் சுமந்த மலைக்காரன் ஒருத்தன் ராணுவ முகாமுக்குள்ள போனதை எங்க அத்தை பாத்திருக்கு. உங்க மேட்டுக்கு உப்புக் காய்ச்சக் கடல்தண்ணி தூக்குறவன் யாரு?"

எல்லாக் கண்களும் கமிலஸ் மேல் விழுந்தன. அவன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். "மூங்கில் சுமந்தவனெல்லாம் நானா? எட்டு வருஷத்துக்கு முந்தி ஞாயித்துக்கிழமை எங்க இருந்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று டொமிட்டிலா எழுந்தாள்.

எங்கள் பக்கம் நிலமும் குலமும் பெண்வழி. தம்பிக்காக அக்கா எழுந்தால் குலமே எழுந்த மாதிரி. தம்பி மேல் 'காட்டிக்கொடுத்தவன்' என்ற பெயர் விழுந்தால் இரண்டு ஊருக்கும் சமாதானம் இல்லை. அவன் பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும். டொமிட்டிலா நாலாவது நோட்டைப் பிரித்தாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டாள், வகுப்பில் வாசிக்கிற குரலில் கணீரென்று ஆரம்பித்தாள்.

"செப்டம்பர் பத்தொன்பது, ஞாயிறு. ஜெபமாலை சொன்னோம். கமிலஸ் விடியும் முன்பே கடல்தண்ணீர் எடுக்கக் கீழே..."

குரல் அங்கேயே நின்றது.

"கீழே?" என்றான் லுடோவிக்.

"...போனான்."

மாமரத்தடி இரைந்தது. "அவ புத்தகம் தப்பாதுன்னு அவளேதானே சொல்லுவா!" என்றது ஒரு குரல். கமிலஸ் அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வெறும் ஆச்சரியம்தான். உபதேசியார் சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்று எழுந்துவிட்டார்.

தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் கிழங்கும் எல்லோருக்கும் வந்தன. டொமிட்டிலா இலையைத் தொடவில்லை. கோவில் சுவர் ஓரமாக நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். அதனால்தான் அதை எட்டு வருஷமாகப் பிரிக்கவில்லை.

இமெல்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை விரலைக் காட்டவில்லை.

"அண்ணி, முந்தின நாள் என்ன எழுதியிருக்கீங்க?"

"பூமி ஆடினதை."

"கடுதாசியில?"

"அதையேதான்."

"அப்புறம் என்ன?"

"ஊரே சிரிக்கும் இமெல்டா."

"இப்ப மட்டும் சிரிக்கலையா? நாலு வருஷமா உங்க பிடிவாதத்தைப் பாத்துச் சிரிக்குது. இன்னிக்கு ஒரு நாள் வேற ஒண்ணுக்குச் சிரிச்சுட்டுப் போகட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு என் புருஷன்."

கூட்டம் மறுபடி கூடியதும் டொமிட்டிலா யாரும் கூப்பிடாமலேயே எழுந்தாள்.

"நான் தூங்கிட்டேன்" என்றாள்.

"இப்பவா?" என்றார் செவெரின்.

"தொண்ணூத்தி மூணு பிப்ரவரியில. ரெண்டு ராத்திரி தூங்கினேன். ஒண்ணுன்னு எழுதினேன். அதுலேர்ந்து என் கணக்கு ஒரு நாள் பின்னாடி. என்னோட சனிக்கிழமைதான் உங்க ஞாயித்துக்கிழமை."

சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தது. அவள் முடியும்வரை காத்திருந்தாள். வகுப்பில் இருந்த பழக்கம். பிறகு முந்தின பக்கத்தைப் படித்தாள்.

"செப்டம்பர் பதினெட்டு, சனி. காலையில் பூமி இரண்டு முறை ஆடியது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. கமிலஸ் கொட்டை பறிக்க மரத்தில் ஏறியிருந்தான். வௌவால் மாதிரிக் கிளையைக் கட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதான். இடுப்புத்துணி கீழே விழுந்துவிட்டது. ஊரே பார்த்தது. மாலை வரை எரிமலைச் சாம்பல் கொட்டியதால் யாரும் மேட்டை விட்டு இறங்கவில்லை."

"ஆமா!" கமிலஸ் துள்ளி எழுந்தான். "நான்தான் அழுதேன்! துணி விழுந்துச்சு! எல்லாரும் பாத்தீங்கல்ல? சொல்லுங்கப்பா, பாத்தோம்னு சொல்லுங்க!"

"பாத்தோம், பாத்தோம்" என்று மேட்டுக்காரர்கள் கத்தினார்கள். இமெல்டா முகத்தை மூடிக்கொண்டாள்.

லுடோவிக் சிரிக்கவில்லை. "அது சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையான்னு இப்ப நீங்க சொன்னா ஆச்சா? பூமி நெதம்தான் ஆடுது."

டொமிட்டிலா கடிதத்தை எடுத்தாள். "ஸ்கொலாஸ்டிகா எழுதினது. அவ அப்ப உங்க பக்கம் அகதி முகாம்ல இருந்தா."

கரைக்காரர்கள் வரிசையில் ஒரு பருத்த பெண் கையைத் தூக்கினாள். அவள்தான் ஸ்கொலாஸ்டிகா, டொமிட்டிலாவின் சித்தி மகள். "என் கையெழுத்துதான். என்ன எழுதினேன்னுதான் ஞாபகமில்ல" என்றாள்.

"தேதி எங்க?" என்றான் லுடோவிக். கடிதத்தின் மேல்பக்கம் கிழிந்திருந்தது.

கமிலஸ் தரையைப் பார்த்தான். "வர்ற வழியில... ஒரே ஒரு சுருட்டுக்கு..."

"உன்னைக் காப்பாத்துற தேதியைப் புகைச்சவன் நீதாண்டா" என்று சொல்லிவிட்டு டொமிட்டிலா படித்தாள்.

"அன்புள்ள அக்கா, இன்று ஞாயிறு. காலை ஜெபத்தில் பூமி இரண்டு முறை ஆடியது. சின்ன ஆட்டத்தின்போது உபதேசியார், அசையாதீர்கள், விசுவாசம் வேண்டும் என்றார். பெரிய ஆட்டத்தின்போது எங்களுக்கு முன்னால் சன்னல் வழியாக..."

செவெரின் இருமினார். அது பிரசங்கம் போல இல்லை.

"...குதித்து ஓடினார். துவைத்த துணியெல்லாம் சாம்பல். நாளை உப்புத்தண்ணீர் எடுக்கக் கமிலஸ் வந்தால் இதைக் கொடுக்கும்படி பக்கத்துப் பையனிடம் சொல்லியிருக்கிறேன்."

சதுப்புக் கரையே உருண்டு சிரித்தது. ஸ்கொலாஸ்டிகா செவெரினிடம், "உபதேசியாரே, ரெண்டு குழந்தைகளை மிதிச்சதை நான் எழுதவே இல்ல" என்று ஆறுதல் சொன்னாள்.

டொமிட்டிலா கடைசியாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள். படிக்கும்போது குரல் சிறுத்திருந்தது. "செப்டம்பர் இருபது, திங்கள். கமிலஸ் தண்ணீரோடும் கடிதத்தோடும் திரும்பினான். கடிதத்தின் தலையைப் புகைத்துவிட்டான். ஸ்கொலாஸ்டிகா சனிக்கிழமையை ஞாயிறு என்று எழுதியிருக்கிறாள். பாவம், முகாமில் அடைபட்டு அவர்களுக்குக் கிழமையே மறந்துவிட்டது." நோட்டை மூடினாள். "அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். உறைச்சுது. ஒத்துக்கல."

செவெரின் எழுந்தார். சன்னலைத் தாண்டியவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டபின் அவர் நெஞ்சு அவ்வளவாக நிமிரவில்லை. "அன்னிக்கு ஞாயிறுதான். நான் ஓடினது ஞாயித்துக்கிழமைதான். அதுக்கு நானே சாட்சி" என்றார்.

லுடோவிக் "அப்ப அது யாரு?" என்று கேட்டான். சொல்லக்கூடியவன் அந்தக் கூட்டத்திலேயே இருந்தானோ என்னவோ. அவன் இழுக்கும் காலோடு நடுவெளியைக் கடந்து வந்தான். பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துப் பல்லால் பிளந்து, பாதியைக் கமிலஸிடம் நீட்டினான். இருவரும் சுண்ணாம்பு தொட்டு மென்றார்கள். ஒன்றாகப் பாக்கு மென்றபின் அந்தப் பேச்சை ஒருவன் மேல் மறுபடி எடுக்கக்கூடாது. அது எங்கள் வழக்கம்.

"மரத்து மேல என்னதான்டா அப்படி அழுகை?" என்றான் லுடோவிக், சிவந்த எச்சிலைத் துப்பிவிட்டு.

"நீ கடல்ல இருந்தே. உனக்கென்ன தெரியும்!" என்றான் கமிலஸ்.

மறுநாள் டொமிட்டிலா நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நாள் கூட்ட வேண்டும். ஸ்கொலாஸ்டிகா பழைய நாட்காட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, கிழமை சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குள் இமெல்டாவின் மூத்த மகள் லூசியானா செவ்வாய்க்கிழமை பிறக்கவில்லை, புதன்கிழமை பிறந்தாள் என்று தெரிந்தது. அவள் வந்து பெரிய சண்டை போட்டாள். அவளுக்குச் செவ்வாய்தான் வேண்டுமாம்.

டொமிட்டிலா அவளுக்கு மட்டும் செவ்வாயையே விட்டுவைத்தாள். மற்ற எல்லாவற்றையும் திருத்தினாள். ஆனால் பேனாவால் அல்ல, பென்சிலால்.