மீசை வைத்த பாப்பா

“அப்படின்னா என்னைப் பெத்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?” என்று பாப்பா கேட்டார். கேட்டுவிட்டு, எதிரில் இருந்த தையல்காரம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. எடை தொண்ணூறு கிலோ. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. எந்த சோப்புக்கும் மசியாத கிரீஸ் விரல் இடுக்குகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும். குட்டை முக்காலியில், முழங்கால் இரண்டும் மார்பில் இடிக்க உட்கார்ந்துகொண்டு அந்த ஆள் இப்படிக் கேட்டால், புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தையல்காரம்மாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அரை நிமிஷத்தில் அது அழுகையாகிவிட்டது.

“அழணும்னா அழுங்க. ஆனா பதிலும் சொல்லுங்க. உங்க பையன் இதைவிட மோசமா கேப்பான்” என்றார் பாப்பா.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் அவர்கள் கூடுகிறார்கள். எட்டுக் குடும்பங்கள். பிள்ளையைத் தத்தெடுத்தவர்கள் பாதி. இரண்டு வருஷம் மூன்று வருஷம் என்று கெடு வைத்துக் காப்பகத்திலிருந்து வாங்கி வளர்த்து, பிறகு திருப்பி அனுப்புகிறவர்கள் மீதி. ஸ்கூலை நடத்தும் மாஸ்டரும் ஒரு பெண்ணைத் தத்தெடுத்தவர் என்பதால் மாடியைத் திறந்துவிட்டிருக்கிறார். ‘நில்’, ‘வளைவு’, ‘முந்தாதே’ என்று சுவர் முழுக்கப் பலகைகள். அவற்றின் கீழே உட்கார்ந்து ஒருத்தி, வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும் குழந்தை தலையணை உறைக்குள் ரொட்டியை ஒளித்துவைக்கிறது என்பாள். இன்னொருவர், பையன் தினமும் பொய் சொல்கிறான் என்பார். இதையே சொந்தக்காரர்களிடம் சொன்னால், “அப்பவே வேண்டாம்னு சொன்னோமே, கேட்டியா?” என்று பதில் வரும். இங்கே அதைச் சொல்ல ஆள் கிடையாது. அதற்காகவே மழையானாலும் வந்துவிடுகிறார்கள்.

இவர் பாப்பா ஆனது நாலு வருஷத்துக்கு முன்பு. மாஸ்டரின் மனைவி, நீ நான் பெற்ற பிள்ளை இல்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் இந்த மாடியில் தவித்தபோது, “என்னை உங்க பொண்ணுன்னு நெனச்சுச் சொல்லிப் பாருங்க” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். சொல்லப் போகிறவர்கள் எல்லோரும் அதற்கப்புறம் இவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். சுலபமாக விடமாட்டார். “எனக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?” என்பார். “நான் கெட்ட பிள்ளையா இருந்தா திருப்பிக் குடுத்துருவீங்களா?” என்பார்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உச்சியில் இருக்கும் மெஷின் அறைக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைக் கதவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். ஓடுவதற்கு முன் கதவு இடுக்கில் வாயை வைத்து, “உள்ள எத்தனை பேர்? யாரும் கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்தாச்சு” என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கே உள்ளே அழுகை நின்றுவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

அவருடைய மகளுக்குப் பதினோரு வயது. நாற்பது நாள் சிசுவாக வீட்டுக்கு வந்தவள். இந்தக் கேள்விகளெல்லாம் அவள் கேட்டவை என்றுதான் மாடியில் எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று யாராவது கேட்டால், “அது பெரிய கதை. இன்னொரு நாள்” என்று டீ வாங்கக் கிளம்பிவிடுவார்.

உண்மை என்னவென்றால், அவர் சொல்லவே இல்லை. பள்ளியில் சேரட்டும் என்றார், சேர்ந்தாள். பத்து வயது ஆகட்டும் என்றார், ஆயிற்று. பரீட்சை முடியட்டும் என்றார். எத்தனையோ பரீட்சைகள் முடிந்தன. முக்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டதெல்லாம், லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை செய்யும்போது அவரையே குடைந்த கேள்விகள்.

இப்போது அவருடைய அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு மாதம் தம்பி வீட்டில் தங்கப் போகிறாள், திங்கட்கிழமை வருகிறாள். கெட்டவள் இல்லை, நாக்கில்தான் எலும்பில்லை. அதை அவளே போனில் ஒத்துக்கொண்டாள். “ரெண்டு மாசம் வாயைக் கட்டிட்டு உக்கார என்னால ஆகாதுடா. நீ சொல்லலைன்னா எப்பவாவது என் வாயிலேருந்து விழுந்துரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே.” சனிக்கிழமை மத்தியானம் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே, “நாளைக்குள்ள சொல்லியாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்று எழுந்தவர், கை கழுவிவிட்டு நேரே டிரைவிங் ஸ்கூல் மாடிக்கு வந்து, வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உங்க பொண்ணு இதைக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கண்ணே?” என்றாள்.

பெரிய கதை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை.

“அவ கேக்கலம்மா. அவளுக்குத் தெரியாது.”

கீழே யாரோ கற்றுக்குட்டி கியரைப் போட்டுக் கறகறவென்று அரைத்தான். முதலில் எழுந்தவர் மாஸ்டர். அவர் குரலை உயர்த்திப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. “நாலு வருஷம். நீங்க சொல்லிட்டீங்கன்னு நம்பித்தானே நாங்க சொன்னோம்? எம் பொண்ணு மூணு நாள் சாப்பிடாம கிடந்தா. அப்பவும் ‘சரியாயிரும், நான் பாத்திருக்கேன்’னீங்களே. எதைப் பாத்தீங்க?”

பாப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன்மேல் விழுகிற ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு உரியதுதான் என்பது போல இருந்தது அந்தக் குனிவு.

நர்ஸம்மா குறுக்கே வந்தார். நாலு பிள்ளைகளைக் கெடு வைத்து வளர்த்து, நாலு பேரையும் அழுதுகொண்டே திருப்பி அனுப்பியவர். “திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம் மாஸ்டர். எந்திரிங்க பாப்பா. அந்த நாற்காலிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலியில் பாப்பாவுக்கு உட்காரவே தெரியவில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டார். “கண்ணு, உங்கிட்ட ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்து, அங்கும் இங்கும் தடவி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். நர்ஸம்மா அழவில்லை, கத்தவில்லை.

“இது இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

பாப்பா மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். அக்கா, தம்பி, மைத்துனர்கள், பழைய வீட்டுக்காரர், டாக்டர், இந்த மாடியில் இருக்கிற அத்தனை பேர். எண்ணிக்கை முடிவதாக இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

நர்ஸம்மா வளர்த்த ஒரு பெண்ணிடம் அடுத்த வீட்டுக்காரி முந்திக்கொண்டு, திருப்பி அனுப்பப் போகிற விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறாள். அதற்குப் பின் ஒரு மாதம் அந்தப் பெண் இவர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, “நல்ல நேரம்னு ஒண்ணு வராது பாப்பா. இன்னொருத்தர் சொல்றதுக்கு முன்னாடி, அவ்வளவுதான் நமக்கு இருக்கிற நேரம்” என்றார்.

கோபம் தணியாமலே மாஸ்டர் சாவிக்கொத்தை எடுத்தார். “நாளைக்குக் காலைல பத்து மணிலேருந்து உங்க தெருமுனை பேக்கரில உக்காந்திருப்பேன். நல்லதோ கெட்டதோ, வெளிய வந்தா ஆள் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் தரையில் கவிழ்ந்து படுத்துக் காம்பஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறருக்கு அவர் திருத்திக் கொடுத்த நயமான வாக்கியங்களில் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

“உன்னை அம்மா பெக்கல கண்ணு. நாப்பது நாள் குழந்தையா இருந்தப்ப நாங்க போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தோம்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். “அத்தைக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றார். சித்தப்பாவுக்கு? தெரியும்.

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

காம்பஸைப் பெட்டிக்குள் வைத்தாள். பென்சிலை வைத்தாள், ரப்பரை வைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பேக்கரியில் மாஸ்டரோடு நர்ஸம்மாவும் இருந்தார். என்ன ஆயிற்று என்று இருவரும் கேட்கவில்லை. பாப்பாவின் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது. நர்ஸம்மா தன் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். “நீங்க கேட்டதைத்தான் கேட்டா” என்றார் பாப்பா. கால் மணி கழித்து மாஸ்டர்தான் தோளைத் தொட்டு, “போங்க. கதவு திறக்கலைன்னாலும் வெளிய நீங்க இருக்கீங்கன்னு தெரியணும்” என்று அனுப்பிவைத்தார்.

கதவு சாயங்காலமே திறந்தது. திறந்து பிரயோஜனமில்லை. மகள் சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், அம்மாவிடம் பேசினாள், அம்மா மடியில் ஒருநாள் படுத்து அழவும் செய்தாள். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் அறைக்குள் போனாள். அறைக்குள் வந்தால் பால்கனிக்குப் போனாள். அக்கா வந்து சேர்ந்தாள். கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்தவள், வீடு இருந்த இருப்பைப் பார்த்து ஆயுசில் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை.

தினமும் ஒரு மணிக்கு மாடிக்காரர்களில் யாராவது ஒருவர் போன் செய்தார்கள். முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு நாலாவது நாள்தான் புரிந்தது. “பேசினாளா?” என்பார்கள். “இல்லை” என்பார். “சரி, நாளைக்கு” என்று வைத்துவிடுவார்கள். தையல்காரம்மா கூப்பிட்ட அன்றைக்கு, பையனிடம் சொல்லிவிட்டதாகவும், அவன் ‘சரி, பசிக்குது’ என்றதாகவும் சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, மெஷின் அறைக்குப் போகும் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வேலையில் ஒரு ஸ்விட்சை அணைக்க மறந்தார். கூட இருந்தவன் கவனித்ததால் கை தப்பியது. இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போங்க என்று அவன் கெஞ்சி அனுப்பிவைத்தான். வீட்டுக்குப் போகத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, வாசலில் உட்கார்ந்து ஒரு காலில் பூட்ஸை மாட்டியிருந்தார். யாரோ பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. பள்ளிச் சீருடையில் மகள். கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை எண் போட்டு எழுதியிருந்தாள்.

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான் கேப்பேன். நீங்கதான் சொல்லணும், அம்மா இல்லை. பொய் சொல்லக் கூடாது.”

அவர் தலையை ஆட்டினார். மகள் தாளைப் பார்த்துப் படித்தாள். “நீங்க எனக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி என் பேர் என்ன?”

நாலு வருஷத்தில் எத்தனையோ கேட்டவருக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. ஆனால் பதில் தெரியும். குழந்தையைக் கொடுத்த அன்று அதன் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை சுற்றியிருந்தது. அதில் மை கலங்கி ஒரு பெயர். மனைவி காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, காப்பகத்து ஆயா அதைக் கத்தரித்து இவர் கையில் கொடுத்துவிட்டாள். படித்தார். மனைவியிடம்கூட இன்றுவரை அதைச் சொன்னதில்லை.

ஹாலில் அக்கா ரேடியோவின் சத்தத்தை மெதுவாகக் குறைத்தாள்.

அதை அவர் கவனித்தார். மாட்டாத பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தார். மகள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். மீசையோடு சேர்த்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் அவள் காதருகே குனிந்தார்.