பாக்கியக்காவின் காதில் விழுந்த சொல்

பாக்கியக்கா போய்விட்டார் என்று பந்தலூரிலிருந்து அவர் மகள் விஜயா ஃபோனில் சொன்னதும், "டாக்டர் நல்லாப் பாத்தாருங்களா?" என்றுதான் என் வாயில் வந்தது. பாக்கியக்காவை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். எதையும் ஒருமுறை சொன்னதும் நம்பாத குணம் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவர் கொழுந்து பறித்த எஸ்டேட்டில் நான் டிஸ்பென்சரி நர்ஸ். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. நர்ஸை அவர்கள் 'மிஸி' என்பார்கள். மாத்திரையைக் கையில் வைத்தால், "இத நீங்க போடுவீங்களா மிஸி?" என்று என் முகத்தைப் பார்த்தபடி கேட்ட பிறகே வாங்குவார்.

தேயிலை விலை விழுந்த நேரத்தில் மேனேஜர் ஒருநாள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பாக்கியக்கா கை நீட்டவில்லை. "சும்மா இனிப்பு குடுக்குற ஆளில்ல இவரு. எதையோ புடுங்கப் போறாரு." அடுத்த வாரம் ஃபேக்டரியைப் பூட்டினார்கள்.

அந்த நாட்களில்தான் டிஸ்பென்சரி முகவரிக்குச் சுவீடனிலிருந்து ஒரு கேசட் வந்தது. அனுப்பியது பாக்கியக்காவின் தம்பி செல்வம். குடும்பம் கப்பலேறியபோது அவன் பெயர் மட்டும் சித்தி குடும்பத்தின் மனுவில் இருந்ததால் அவன் இலங்கையில் நின்றுவிட்டான். "அடுத்த கப்பல்ல கூப்புடுறேன்" என்று தலைமன்னார் துறைமுகத்தில் அவனிடம் சொன்னவர் பாக்கியக்கா. கூப்பிட முடியவில்லை. பிறகு சண்டைக்குத் தப்பி அவன் சுவீடன் போனான். அட்டைப் படத்தில் மூன்று வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால், டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். குழுவின் பெயர் கால்ட் தே. சுவீடன் பாஷையில் ஆறிப்போன தேநீர் என்று அர்த்தம் என்பது பின்னால் தெரிந்தது. கடிதம் இல்லை, ஒரு ஃபோன் நம்பர் மட்டும்.

டிஸ்பென்சரி டேப்ரெக்கார்டரில் போட்டேன். கிட்டாரும் டிரம்மும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோல இருந்தது. நடுவே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். திரும்பத் திரும்ப ஒரே வரி. பாக்கியக்கா டேப்பை நிறுத்தினார்.

"துரோகி பாக்கியம்னு கத்துறான் மிஸி."

எனக்கும் அப்படித்தான் கேட்டது.

இலங்கைச் சண்டையால் அங்கிருந்து வந்தவர்களைக் கண்காணித்த காலம் அது; அந்த வாரமே மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து, வெளிநாட்டிலிருந்து யாருக்கு என்ன வருகிறது என்று லயத்தில் விசாரித்தார். கேசட் வந்ததைப் போலீசுக்குச் சொன்னது யார் என்று பாக்கியக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அது வலித்தது.

கடைசியில் நானே அவரைக் குன்னூருக்கு அழைத்துப் போனேன். நான் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியில் இருந்த சுவீடன் நர்ஸ் இங்க்ரித் அம்மா ஓய்வுபெற்று அங்கே இருந்தார். பாட்டைக் கேட்டுச் சிரித்தார். "இது துரோகி இல்லை. ஃப்ரோகா. எங்கள் மொழியில் கேள் என்று அர்த்தம். இந்தத் தேநீர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், பாக்கியத்தைக் கேளுங்கள் என்று பாடுகிறார்கள்."

பாக்கியக்கா நம்பவில்லை. "துரோகிக்கு உங்க பாசையில என்ன?" என்று கேட்டார். இங்க்ரித் அம்மா சொன்ன சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பாட்டை மறுபடி போடச் சொன்னார். அந்தச் சொல் அதில் இல்லை. ஆனாலும் என் காதருகே குனிந்து, "கடைசியில அம்மா எதையோ சொல்லாம முழுங்குறாங்க. கேளுங்க" என்றார்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். நான் கேட்டதும் இங்க்ரித் அம்மா கடைசி வரிகளைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "என்னைத் துறைமுகத்தில் ஏன் விட்டுப் போனார்கள்? எனக்குத் தெரியாது. பாக்கியத்தைக் கேளுங்கள்."

 திரும்பி வந்து பந்தலூர் பஜாரில் இறங்கியதும் பாக்கியக்கா ஐ.எஸ்.டி. பூத்துக்குள் போனார். நம்பரை நான் போட்டுக் கொடுத்தேன்.

"செல்வமா? நீ செல்வந்தான்னு எனக்கு எப்புடித் தெரியும்? நம்ம அம்மாவ லயத்துல என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?"

அந்தப் பக்கம் பதில் வந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஊரையெல்லாம் கேக்கச் சொன்னியே, நீ கேளுடா. இப்ப கேளு" என்றார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று பிறகும் விசாரிக்கவில்லை. அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்து அழுத செல்வத்திடமும் கேட்கவில்லை. உலகத்தையே விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தம்பியிடம் தன்னை விசாரிக்கச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.