முதல் ஓலை வாசித்த அன்று வந்த போன்

கிறிஸ்துதாஸ் அண்ணன் போய்விட்டார்.

காலையில் மணவாளக்குறிச்சியிலிருந்து போன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது... அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபிட்டர். எங்கள் கேங்கில் மூத்தவர். ரிஃபைனரி, அனல்மின் நிலையம் என்று, ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை எங்கே நடந்தாலும் நாங்கள் பத்திருபது பேர் குமரியிலிருந்து ரயில் ஏறுவோம். கடைசியாக ஒன்றாகப் போனது வடக்கே ஒரு அணுமின் நிலையத்துக்கு. பெயர் வேண்டாம்.

அண்ணன் பெட்டியில் துணியைவிட நெத்திலிக் கருவாடுதான் அதிகம் இருக்கும். அவர் அடுப்பைப் பற்ற வைத்தால் பக்கத்து ரூம் பீகார்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். "ஓடுனவன்தான் நாளைக்கு தட்டோட வருவான், பாரு மக்கா" என்பார். வந்தார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடற்கரைப் பக்கம் போட் என்ஜினைப் பிரிக்கிறவர்கள் எல்லோருக்குமே உண்டு. கழற்றிய சாமான்களைச் சாக்கில் வரிசையாகப் பரத்தி வைப்பார்கள். இடது பக்கம் கழற்றியது இடது பக்கம், வலது வலது பக்கம். எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது, வைத்த இடம்தான் அடையாளம்.

சாப்பாட்டுத் தட்டில்கூட சோறு, மீன், கூட்டு என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். "அண்ணே, திரும்ப மாட்டப் போறீங்களா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த ஷட்டவுனில் அணுஉலைக்கு அவசர நேரத்தில் தண்ணீர் அனுப்புகிற குழாயில் இரண்டு வால்வுகளை அவர்தான் பிரித்தார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வேறு. ஒன்று லேசு, இன்னொன்று விறைப்பு.

ஒவ்வொரு சாமானிலும் டேக் கட்ட வேண்டும் என்பது ரூல். அண்ணன் கட்டவில்லை... வழக்கம்போல ட்ராலியில் இடம் வலமாகப் பரத்தி வைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். மகள் ஜெனிக்குக் கல்யாணம், அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை.

தெரியாதவர்களுக்காக... கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று.

மாப்பிள்ளை சஜின், எங்கள் கேங்தான். அதே கடற்கரைப் பையன். அடுத்த ஷிஃப்டில் அந்த வால்வுகளை மாட்டியது அவன்தான். மாமா பரத்தி வைத்த ட்ராலி, அவனுக்கு அதற்கு மேல் என்ன டேக் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பூசை முடிந்து வந்து தம்பியின் போட் என்ஜினைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறார். வெயில் என்று தம்பி சாக்கை நிழலுக்கு இழுத்திருக்கிறான். சாக்கு திரும்பி, இடது வலதாகிவிட்டது. அதைப் பார்த்ததும் இவருக்கு அந்த ட்ராலி ஞாபகம் வந்துவிட்டது.

"மக்கா, நான் கெளம்பும்போ அந்த ட்ராலிக்க கைப்பிடி செவுத்தப் பாத்து நின்னுச்சு. நான் வாசலப் பாத்துல்லா வச்சிருந்தேன். கூட்டித் தொடைக்க வந்தவனுவ திருப்பிட்டானுவ. அப்போ மனசுல ஏறல."

"அண்ணே, டெஸ்ட்டு எல்லாம் முடிஞ்சாச்சு. நாளைக்கு உலையை ஸ்டார்ட் பண்ணப் போறாங்க."

"அந்த டெஸ்ட்டுல கசிவு இருக்கான்னுதான் தெரியும். தண்ணி வேணும்ங்கிற அன்னைக்கு வால்வு தொறக்கலன்னா என்ன செய்வ?"

"சஜினுக்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. நேரா இன்ஜினியருக்குத்தான் போன் போடப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

ஸ்டார்ட்-அப்பை நிறுத்தினார்கள். வால்வைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். லேசான ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் விறைப்பானது உட்கார்ந்திருந்தது. சஜின் சுவரோடு சாய்ந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காண்ட்ராக்டர் எங்கள் எல்லோருடைய கேட் பாஸையும் பிடுங்கிக்கொண்டான். குமரி ஆட்களே இனி வேண்டாம் என்றான். ஊர் வந்து சேரும்வரை அண்ணனை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சஜின் ரயிலில் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "மாமா எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போய் இன்ஜினியருக்கிட்ட சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பானா? எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை, கல்யாணம் நின்றுபோனது. கோயிலில் அத்தனை பேரும் ஜெனியைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

சஜின் கத்தாருக்குப் போய், அங்கிருந்து வந்து வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். ஜெனி கருங்கல் ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அண்ணன் அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொட்டதில்லை. நான் போகும்போதெல்லாம் கறி வைத்துத் தருவார், இதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

இன்று அண்ணன் வீட்டில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனி என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள். அழவில்லை.

"அப்பாக்கிட்ட இத நான் ஒருநாளும் கேட்டதில்ல சித்தப்பா. கேட்டா தாங்க மாட்டாருன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட கேக்கேன். வால்வு மாறிப்போச்சு, சொல்லத்தான் வேணும், செரி. சஜினுக்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லக்கூட அப்பாக்கு அவன்மேல நம்பிக்கையில்ல... அவ்வளவு நம்பிக்கையில்லாதவனுக்கா என்னக் கட்டிக்குடுக்கப் பாத்தாரு?"

ஜெபமாலை முடியும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாளைக் காலை அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க அண்ணே... நாளைக்கும் ஜெனி முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.