‘லேட்டஸ்ட்’ டேக்கும் ஏலக்காய் ஸ்டோரும்

பேக்கேஜுக்கு டேக் மாட்டுகிறவனின் பிழைப்பில், நல்லபடியாக நடந்த நாள் யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன நாள் மட்டும் மலை தாண்டித் தெரியும். பேக்கேஜ் என்பது நாங்கள் எழுதும் மென்பொருள்; அது ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது எண்ணோடு இணையத்தில் வெளியாகும். எந்த எண்ணில் நான் ‘லேட்டஸ்ட்’ டேக்கை மாட்டுகிறேனோ, அதைத்தான் வாடிக்கையாளர்களின் கருவிகள் காலையில் தானாக இறக்கிக்கொள்ளும். ஒரே ஒரு வரி அடித்து, என்டரைத் தட்டிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

மச்சானுக்கு விளக்கியது

என் அக்கா வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிறார். நான் என்னதான் செய்கிறேன் என்று ஒரு நாள் விடாமல் கேட்டார். பழைய எண்ணும் அங்கேயேதான் கிடக்கும், புதிய எண்ணும் அங்கேயேதான் கிடக்கும், டேக்கை மட்டும் இதிலிருந்து கழற்றி அதில் மாட்டுவேன் என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

“அப்ப சரக்கத் தொடாம, சாக்குல தொங்குற அட்டைய மட்டும் மாத்திக் கட்டுறே, எங்க குடோன்ல இதைச் செஞ்சா உதைதான் மாப்ளே விழும்.”

செல்வராணியின் குரல்

விறகு அடுப்புச் சூட்டில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். உள்ளே சூடு எல்லை மீறினால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதுதான் எங்கள் பேக்கேஜின் வேலை. கூட வேலை பார்க்கும் செல்வராணி போடி பக்கத்துச் சிலமலைக்காரர். “அண்ணே, சூடு ஏறுது, வெரசா வந்து வெறக இழுங்க!” என்று ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்துகொடுத்தார்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் மாடசாமி அண்ணன் ஒரு நாள் போன் செய்தார். ஏதோ கோளாறு என்று பதறி எடுத்தேன்.

“அந்தப் புள்ள கூப்புடும்போதெல்லாம் ‘இந்தா வர்றேன் ஆத்தா’ன்னு சொல்லிக்கிட்டேதான் ஓடுறேன், நான் சொல்றது அதுக்குக் கேக்குதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி.”

நாகரிகமான குரல்

சென்னையில் இருந்துகொண்டு மலையில் எஸ்டேட் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், குரல் பட்டிக்காட்டுத்தனமாக இருப்பதாக எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்ல தமிழ் பேசும் ஒருவரைப் பிடித்து, “கவனிக்கவும். உலர்கலனின் வெப்பநிலை நிர்ணயித்த வரம்பைக் கடந்துள்ளது” என்று பதிவு செய்தோம். அலுவலகத்தில் நான்கு பேர் ஹெட்போன் மாட்டிக் கேட்டுத் தலையாட்டினோம். முதலில் ‘சோதனை’ டேக்கில் வைத்து மலையில் யாரையாவது கேட்கச் சொல்லலாம் என்றார் செல்வராணி. அவசரக்குடுக்கையான நான் நேராக ‘லேட்டஸ்ட்’ டேக்கை மாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மலையில் நல்ல மழை. மாடசாமி அண்ணன் பக்கத்து அறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி மூன்று முறை சொல்லியும் அவர் எழுந்திருக்கவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஓடியிருக்கிறார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

“ரேடியோவுல செய்தி வாசிக்கிறாகன்னு நெனச்சுட்டேன் தம்பி, வேற எந்த ஊர்லயோ சூடு போலன்னுல்ல உக்காந்திருந்தேன்.”

பூங்கொடி அக்காவின் காய்

டேக்கைக் கழற்றிப் பழைய எண்ணில் மாட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அன்று ஸ்டோருக்குள் இருந்தது பூங்கொடி அக்காவின் காய். அரை ஏக்கர் தோட்டம். சொந்த ஸ்டோர் கிடையாது. கணவர் இறந்த பிறகு தனியாக நின்று பார்த்த தோட்டத்தின் முதல் காய் எடுப்பு அது. முதல் தடவையாகத் தன் பெயரிலேயே போடி ஏலத்துக்குக் கொண்டுவர இருந்தார். பச்சை நிறம் போன காயை அங்கே யாரும் கையில் அள்ளிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போனிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் ஊரே மாடசாமி அண்ணனைக் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டபோது இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை, தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போனேன்.

“அண்ணன் மேல தப்பில்லக்கா, எல்லாம் எம்மேலதான். டேக்கக் கழட்டிப் பழசுலயே திருப்பி மாட்டிட்டேன். இனிமே இப்படி நடக்காது” என்றேன்.

அக்கா முறத்தில் கிடந்த காய்களைக் கையால் கிளறினார். எல்லாம் பழுப்பேறி வாய் பிளந்து கிடந்தன. உட்காரச் சொல்லி, பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஒங்க பொட்டியில பழசுக்குத் திரும்பிக்கிட முடியுதுன்னா நல்ல வசதிதான் தம்பி, எங்காய பச்சைக்குத் திருப்புறதுக்கும் ஒரு டேக்கு இருந்தா மாட்டிவிட்டுட்டுப் போங்க.”

இப்போதெல்லாம் எந்தப் புதுப் பதிப்பானாலும், மாடசாமி அண்ணன் அதைக் கேட்டு எழுந்து ஓடினார் என்ற தகவல் மலையிலிருந்து வந்த பிறகுதான் ‘லேட்டஸ்ட்’ டேக்கைத் தொடுகிறேன். ஹெட்போன் மாட்டிய நாங்கள் நான்கு பேர் தலையாட்டுவதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நாங்கள் உட்பட.